கோட்டாறு ஸ்டேஷனில் அந்த 'கடகட' சத்தம் எங்கே போச்சு? ஓய்வு பெற்ற பழைய டீசல் இன்ஜின்களின் கதை – முழு விளக்கம்

காலையில் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போனவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாக நினைவிருக்கும். பிளாட்பாரமே லேசாக அதிரும். இன்ஜின் ஒரு முறை உறுமும், கரும்புகை எழும், அப்புறம்தான் பெட்டிகள் நகரும். இன்று அதே தடத்தில் மின்சார ரயில் சத்தமில்லாமல் கிளம்பிப் போகிறது. அந்தப் பழைய டீசல் இன்ஜின்கள் என்ன ஆயின? வயசாகிவிட்டதால்தான் ஓய்வு கொடுத்தார்களா? இனி டீசலே வேண்டாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக 5 பாயின்ட்

• நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் இருப்பது கோட்டாறில். குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான்.
• மின்கம்பி வரும் வரை இந்தத் தடத்தின் முக்கிய உழைப்பாளி, 'ஆல்கோ' வகை டீசல் இன்ஜின்.
• இவை ஒதுக்கப்பட முதல் காரணம் வயது அல்ல, மின்மயமாக்கல்.
• ஓய்வு பெற்றவை பழைய இரும்பாகலாம், வெளிநாடு போகலாம், ஷண்டிங் வேலைக்கு மாறலாம், அபூர்வமாக மியூசியம் போகலாம்.
• புயல், விபத்து போன்ற நேரங்களுக்காக டீசல் இன்னும் தேவைப்படுகிறது.

குமரி மாவட்டத்துக்கும் டீசலுக்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டின் பல ஊர்கள் ரயிலைப் பார்த்தது பிரிட்டிஷ் காலத்தில், நீராவி இன்ஜினோடு. நாஞ்சில் நாட்டின் கதை வேறு. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அப்போது பிரதமர் மொரார்ஜி தேசாய். நாகர்கோவில் – திருநெல்வேலி பாதை 1981 ஏப்ரலில் வந்தது. அதாவது சுதந்திரம் கிடைத்து 30 வருஷம் கழித்துதான் இந்த மாவட்டத்துக்குள் ரயில் நுழைந்தது.

அதனால் இங்கே 'தாத்தா காலத்து ரயில்' என்ற நினைவு ரொம்பக் குறைவு. 1980-கள், 90-களில் வளர்ந்த ஒருவருக்கு ரயில் என்றாலே டீசல் இன்ஜின்தான். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போகும் பாசஞ்சர், சீசன் டிக்கெட், ஜன்னல் வழியாக வரும் டீசல் வாசனை – எல்லாம் ஒரே நினைவு.

கோட்டாறு ஸ்டேஷனுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. திருநெல்வேலியில் இருந்து வந்து திருவனந்தபுரம் போகும் ரயில் இந்த ஸ்டேஷனுக்குள் வந்தால், வந்த பக்கமாகவே திரும்பிப் போக வேண்டும். ஒரு முனையில் இருக்கும் இன்ஜினைக் கழற்றி, மறு முனையில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். இன்ஜின் தனியாக ஓடிவந்து பெட்டியோடு 'டொக்' என்று இணைவதை இந்த ஊர்க்காரர்கள் சாயாவோடு நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

'ஆல்கோ' என்றால் என்ன?

அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் 'ஆல்கோ'. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த நிறுவனம். நீராவியில் இருந்து டீசலுக்கு மாற முடிவெடுத்த இந்திய ரயில்வே, 1962-ல் இந்த நிறுவனத்தின் 2,600 குதிரைத்திறன் இன்ஜின்களை இறக்குமதி செய்தது. அதன் பெயர் டபிள்யூடிஎம்-2.

கூடவே தொழில்நுட்பத்தையும் வாங்கிக்கொண்டது. வாரணாசியில் டீசல் இன்ஜின் தொழிற்சாலை உருவானது. அங்கே தயாரான முதல் இன்ஜினை 1964 ஜனவரி 3-ம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தவர், அதே ஆண்டில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி. இன்ஜினுக்கு 'குந்தன்' என்று பெயர்.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் 1969-லேயே இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனா அதன் வடிவமைப்பில் இந்தியா 1990-களின் இறுதி வரை டபிள்யூடிஎம்-2 இன்ஜின்களைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. மொத்தம் 2,600-க்கும் மேல். கம்பெனியே போன பிறகும் அதன் பிள்ளைகள் இந்தியாவில் பிறந்துகொண்டிருந்தன.

பெயரில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதைப் படிப்பது சுலபம்.

• முதல் எழுத்து தடத்தின் அகலம். 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை, 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ்.
• இரண்டாவது எரிபொருள். 'டி' என்றால் டீசல், 'ஏ' என்றால் மாறுதிசை மின்சாரம்.
• மூன்றாவது வேலை. 'பி' பயணிகள் ரயிலுக்கு, 'ஜி' சரக்குக்கு, 'எம்' இரண்டுக்கும்.

அப்போ டபிள்யூடிஎம்-2 என்றால்? அகலப்பாதையில் ஓடும், டீசலில் ஓடும், பயணிகளையும் சரக்கையும் இழுக்கும் இரண்டாவது மாடல். அவ்வளவுதான். பின்னாளில் இதே குடும்பத்தில் 3,100 குதிரைத்திறனில் டபிள்யூடிஎம்-3ஏ, 3,300 குதிரைத்திறனில் டபிள்யூடிஎம்-3டி ஆகியவை வந்தன. பழைய டபிள்யூடிஎம்-2 இன்ஜின்கள் பலவற்றை பஞ்சாபின் பட்டியாலா பணிமனையில் பிரித்து, புதுப்பித்து, 3ஏ-வாக மாற்றினார்கள்.

டீசல் இன்ஜினை ஓட்டுவது டீசலா, மின்சாரமா?

பலர் தவறாக நினைப்பது இங்கேதான். லாரியில் டீசல் இன்ஜின் கியர் வழியாகச் சக்கரத்தைச் சுற்றுகிறது. ரயிலில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் 16 சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் உண்டாகும் மின்சாரம் கீழே அச்சுகளில் இருக்கும் 6 மோட்டார்களுக்குப் போகும். சக்கரத்தைச் சுற்றுவது அந்த மோட்டார்கள்தான். சுருக்கமாகச் சொன்னால், தன் மின்நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு ஓடும் மின்சார இன்ஜின் அது. எடை மட்டும் 110 டன்னுக்கு மேல்.

லோகோ பைலட்டிடம் ஆக்சிலேட்டர் மிதி கிடையாது. 8 படிகள் கொண்ட கைப்பிடி உண்டு. ஒவ்வொரு படியையும் 'நாட்ச்' என்பார்கள். படி ஏற ஏற வேகமும் சத்தமும் ஏறும்.

சரி, அந்தக் கரும்புகை ஏன் வந்தது?

நாட்ச் ஏற்றியவுடன் சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் உடனே போய்விடும். ஆனா அதை எரிக்கத் தேவையான கூடுதல் காற்றைத் தள்ளும் 'டர்போ சார்ஜர்' உடனே வேகம் பிடிக்காது. காரணம், அது சுற்றுவதே இன்ஜின் வெளியேற்றும் வாயுவின் வேகத்தில்தான். அந்தச் சில விநாடி இடைவெளியில் டீசல் முழுசாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது. ஸ்டேஷனில் இருந்து கிளம்பும்போது புகை அதிகமாகவும், ஓட ஓடக் குறைவாகவும் இருந்தது இதனால்தான்.

பார்க்கக் கம்பீரமாக இருந்தது என்பது உண்மை. முதல் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளைச் சட்டையோடு ஆபீஸ் போனவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

மீட்டர் கேஜ் 'தம்பி' எங்கே?

இதே ஆல்கோ குடும்பத்தின் சின்ன உறுப்பினர் ஒய்டிஎம்-4. 6 சிலிண்டர், 1,400 குதிரைத்திறன். தென்மாவட்டங்களின் மீட்டர் கேஜ் பாதைகளில் நீராவிக்குப் பின் ரயில்களை இழுத்தது இதுதான். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் 2010-ல் மீட்டர் கேஜ் சேவை நின்றது. அகலப்பாதையாக மாறி, 2018-ல் மறுபடி திறந்தபோது ஒய்டிஎம்-4-க்கு அங்கே இடமில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் மிச்சமிருக்கும் வீடு நீலகிரி. யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள மலை ரயிலில், மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதிக்கு நீராவி இன்ஜின், குன்னூர் – ஊட்டி பகுதிக்கு ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் என்பது வழக்கம்.

வயசானதால்தான் ஓய்வா?

பாதி உண்மை. ஒரு டீசல் இன்ஜினுக்கு ரயில்வே வைத்திருக்கும் கணக்கு வயது 36 ஆண்டுகள். 1970-களில் பிறந்த இன்ஜின்கள் இந்தக் கணக்குப்படியே விடைபெற்றன. ஆனா 2003-ல் தயாராகத் தொடங்கிய டபிள்யூடிஎம்-3டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் வந்ததற்கே 2039 வரை ஆயுள் இருக்க வேண்டும். அந்த வகையும் ஏன் வேலையில்லாமல் நிற்கிறது?

பதில், தலைக்கு மேல் ஓடும் கம்பி. குமரி மாவட்டப் பாதைகள் 2010-களின் முதல் பாதியில் மின்மயமாயின. அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்குவது என்று ரயில்வே பின்னர் முடிவெடுத்தது. இப்போது நாட்டின் அகலப்பாதையில் 98 சதவீதத்துக்கும் மேல் கம்பி வந்துவிட்டது. கம்பி இருக்கும் பாதையில் டீசலை எரிப்பது ரயில்வேக்கு நஷ்டக் கணக்கு. நம் கச்சா எண்ணெய்த் தேவையில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதிதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆக, சில இன்ஜின்களுக்கு இது பணி ஓய்வு. சிலவற்றுக்குக் கட்டாய ஓய்வு.

தினமும் போய்வரும் பயணிக்கு என்ன மாறியது?

பாசஞ்சர் ரயில் சில கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இன்ஜின் எல்லாப் பெட்டிகளையும் இழுத்து வேகம் பிடிக்க வேண்டும். 'மெமு' ரயிலில் மோட்டார்கள் பல பெட்டிகளில் பரவலாக இருக்கும். அதனால் கிளம்பிய வேகத்தில் ஓட்டம் பிடிக்கிறது.

இரண்டாவது, இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. கன்னியாகுமரி மாதிரி பாதை முடியும் ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை கிடையாது. ஓட்டுநர் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும்.

ஆனா ஒன்று. இன்ஜின் மாறியதால் மட்டும் பயண நேரம் குறைந்துவிடாது. ஒற்றைப் பாதையில் எதிரே வரும் ரயிலுக்காகக் காத்து நிற்கும் நேரம் அப்படியேதான் இருக்கும். அதற்கு இரட்டைப் பாதை வேண்டும். வாஞ்சி மணியாச்சி – நாகர்கோவில் இரட்டைப் பாதை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தினசரிப் பயணிகள் அதிகம் நம்பியிருக்கும் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி பாதையில் இந்த வேலை தனித் திட்டமாக நடக்கிறது.

ஓய்வு பெற்ற இன்ஜின் எங்கே போகும்?

நான்கு வழிகள் இருக்கின்றன.

1. பழைய இரும்பு: பெரும்பாலானவற்றின் முடிவு இதுதான். பயன்படும் பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை ஆன்லைன் ஏலத்தில் ரயில்வே விற்கிறது. வாங்குபவர்கள் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போவார்கள். இரும்பைவிட உள்ளே இருக்கும் செம்புக்கு மதிப்பு அதிகம்.

2. வெளிநாடு: ஆயுள் மிச்சமிருந்தால் இன்னொரு நாட்டுக்குப் போகலாம். ஆனா தடத்தின் அகலம் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கதேசத்தில் நம்முடைய அதே அகலப்பாதை உண்டு. 2020 ஜூலையில் 10, 2023 மே மாதத்தில் 20 என, மொத்தம் 30 டீசல் இன்ஜின்களை இந்தியா அங்கே அனுப்பியது. மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4 இன்ஜின்கள் 1990-களில் மலேசியாவிலும் ஓடின. நம்ம ஊர் மீட்டர் கேஜும் அந்த நாட்டுத் தடமும் ஒரே அகலம், 1,000 மில்லிமீட்டர்.

3. சின்ன வேலை: யார்டில் பெட்டிகளை இழுத்து மாற்றும் ஷண்டிங், பாதைப் பராமரிப்பு வேலை ஆகியவற்றுக்குப் பயன்படும். எக்ஸ்பிரஸ் இழுத்தவர் ஊரில் மினி பஸ் ஓட்டுவது மாதிரி.

4. மின்சார இன்ஜினாக மறுபிறவி: இதையும் முயன்று பார்த்தார்கள். வாரணாசியில் இரண்டு சரக்கு டீசல் இன்ஜின்களை மாற்றி, 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை மின்சார இன்ஜினாக்கினார்கள். 2019 பிப்ரவரியில் பிரதமர் மோடி அதைத் தொடங்கி வைத்தார். 69 நாளில் முடிந்த மாற்றம் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. ஆனா பெரிய அளவில் அது தொடரவில்லை. அந்த வாரணாசி தொழிற்சாலையே இன்று முக்கியமாக மின்சார இன்ஜின்களைத் தயாரிக்கிறது. பெயரில் இருந்த 'டீசல்' என்ற சொல்லும் 2020-ல் போய்விட்டது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அமெரிக்கா: சான் பிரான்சிஸ்கோ – சான் ஹோசே இடையே தினசரிப் பயணிகளுக்கான 'கால்டிரெயின்' சேவை 2024 செப்டம்பரில் மின்சாரத்துக்கு மாறியது. 1980-களில் வாங்கிய டீசல் இன்ஜின்கள் வேலை இழந்தன. அவற்றை வெட்டிப் போடவில்லை. 19 இன்ஜின்கள், 90 பெட்டிகள் தென் அமெரிக்க நாடான பெருவின் தலைநகர் லிமாவுக்கு விற்கப்பட்டன. ஒரு நகரத்தின் பழையது, இன்னொரு நகரத்தின் புது ரயில் திட்டத்துக்கு முதல் படி.

இலங்கை: 1954-ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த 'எம்2' வகை டீசல் இன்ஜின்களுக்கு ஒன்ராறியோ, அல்பர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். சரியாகப் பராமரித்ததால் அவற்றில் சில 60 ஆண்டுகளைத் தாண்டியும் ஓடின. வயது மட்டுமே ஓய்வைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே உதாரணம்.

அப்போ டீசல் இனி தேவையே இல்லையா?

குமரி மாவட்டக்காரர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன, தண்டவாளத்தில் மரங்கள் விழுந்தன, ரயில்கள் ரத்தாயின. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் மேலே இருக்கும் கம்பி அறுந்தால், எவ்வளவு நவீன மின்சார இன்ஜினாக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். தண்டவாளம் மட்டும் நன்றாக இருந்தால் டீசல் இன்ஜின் போய்வரும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அறுந்த மின்கம்பியைச் சரிசெய்யப் போகும் 'டவர் வேகன்' ஓடுவதும் டீசலில்தான்! கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தானே மேலே ஏறி வேலை பார்க்க முடியும்.

அதே சமயம் டீசல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கியது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய்விட்டன. அங்கே எந்த இன்ஜினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பேரிடர், பாதுகாப்புத் தேவைகளுக்காக ஒரு பகுதி டீசல் இன்ஜின்களைத் தயாராக வைத்துக்கொள்வது ரயில்வேயின் திட்டம். ஆனா இன்ஜினை நிறுத்தி வைப்பது மட்டும் போதாது. அதை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும், ஓட்டத் தெரிந்த லோகோ பைலட் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். இன்ஜினை ஏலம் விட்டாலும் வேறொன்றை வாங்கிவிடலாம். கை நுணுக்கம் தெரிந்த ஆட்கள் ஓய்வு பெற்றுப் போனால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

நினைவுக்கு ஒன்றாவது வேண்டாமா?

நீராவி இன்ஜினுக்கு மரியாதை கிடைத்துவிட்டது. 1855-ல் தயாரான 'இஐஆர்-21' என்ற நீராவி இன்ஜினை பெரம்பூர் பணிமனை 2010-ல் உயிர்ப்பித்து ஓட்டிக் காட்டியது. டெல்லி தேசிய ரயில் மியூசியத்தில் ஆரம்ப கால டபிள்யூடிஎம்-2 ஒன்று பாதுகாக்கப்படுகிறது. ஆனா நீராவி அளவுக்கு டீசல் மேல் யாருக்கும் பாசம் வருவதில்லை. 'நேற்றுவரை ஓடியதுதானே' என்று தோன்றும். அப்படித் தோன்றும் காலத்தில்தான் பொருட்கள் சத்தமில்லாமல் ஏலத்துக்குப் போய்விடுகின்றன.

மற்ற ஊர்களில் முதல் ரயில் நினைவாக நீராவி இன்ஜினை ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவார்கள். குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல் என்னும்போது, கோட்டாறு ஸ்டேஷன் வாசலுக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் ஒரு டீசல் இன்ஜினாகத்தானே இருக்கும்?

உங்கள் மனதில் எழக்கூடிய 3 கேள்விகள்

இப்போதும் டீசல் இன்ஜினைப் பார்த்தேனே, அது எது?
நீங்கள் பார்த்தது பெரும்பாலும் டபிள்யூடிபி-4, டபிள்யூடிஜி-4 வகையாக இருக்கலாம். இவை ஆல்கோ அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்பத்தில் 1990-களின் இறுதிக்குப் பிறகு வந்தவை. 4,000 குதிரைத்திறனுக்கு மேல். சத்தமும் வேறு மாதிரி இருக்கும்.

இந்தியாவில் புது டீசல் இன்ஜின் தயாரிப்பு நின்றுவிட்டதா?
இல்லை. பீகாரின் மர்ஹௌரா தொழிற்சாலையில் தயாராகிறது. 2025-ல் ஆப்பிரிக்க நாடான கினியாவுக்கு ஏற்றுமதியும் தொடங்கியது.

மின்சார ரயில் என்றால் மாசே இல்லையா?
பிளாட்பாரத்தில் நிற்கும் உங்களுக்குப் புகை இல்லை. ஆனா அந்த மின்சாரம் நிலக்கரியில் இருந்து வந்தால், புகை வேறொரு ஊரில் எழுகிறது. ஆரல்வாய்மொழி கணவாயில் ரயில் ஜன்னலுக்கு வெளியே சுழலும் காற்றாலைகள் மாதிரியான மூலங்கள் எவ்வளவு கூடுகின்றனவோ, அவ்வளவுக்குத்தான் மின்சார ரயில் முழுசாகச் சுத்தமாகும்.